உப்புக் கணக்கு எழுதியவன் படித்த புத்தகங்கள்

சாயர்புரத்துக்காரன் புத்தகம் பற்றிப் பேச வாயைத் திறந்தால் ஜி.யு. போப்பில்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குள் விடமாட்டார்கள். 1840-களில் இங்கே செமினரி நடத்தியவர், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஆக்ஸ்போர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரில் ஊரில் கல்லூரியே இருக்கிறது. ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அவர் கல்லறையில் பொறித்திருப்பதாக மேடைக்கு மேடை சொல்வார்கள். அந்தக் கல்லில் அப்படி ஒரு வாசகம் கிடையாது. அது இல்லாததால் மனிதர் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஆனால் 1886-இல் வந்த அவருடைய ஆங்கிலத் திருக்குறள் எனக்கு ஒட்டவில்லை. ஒன்றேமுக்கால் அடியை இயைபு வைத்த ஆங்கில ஈரடிக்குள் திணிக்கப் போய், வள்ளுவர் சொல்லாத சொற்களும் சந்து கிடைத்த இடத்தில் நுழைந்துவிடுகின்றன. வ.வே.சு. ஐயரின் உரைநடை ஆங்கிலம் எனக்கு நேராகப் புரிகிறது. என் ஆங்கிலம் லெட்ஜர் ஆங்கிலம்; அதற்கே புரிகிறது என்றால் பாருங்கள். போப்பின் முழு உழைப்பும் தெரிவது திருவாசகத்தில்தான். 1900-இல் அது வெளிவந்தபோது அவருக்கு எண்பது வயது.

ஊர்க்கடன் தீர்ந்தது. இனி என் கணக்கு.

தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்த காலம் முழுக்க மடியில் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். எந்தக் கதையிலும் நான் முதலில் பார்ப்பது, எழுதியவருக்கு வேலை தெரிந்திருக்கிறதா என்பதைத்தான். காதலையும் சாவையும் யாரும் எழுதிவிடலாம். விடிந்ததும் ஒருவன் எதைக் கையில் எடுக்கிறான், சாயங்காலம் உடம்பில் எந்த இடம் வலிக்கிறது, கூலி யார் கை வழியாக எவ்வளவு குறைந்து வருகிறது என்பதை எழுத, போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தவர் ராஜம் கிருஷ்ணன். 1979-இல் வந்த ‘கரிப்பு மணிகள்’ எங்கள் உப்பளத் தொழிலாளர் கதை. எழுதியவர் முசிறியில் பிறந்தவர், கடலோரத்துக்காரர் அல்ல. உப்புக் காய்ச்சுவது வெளியூர்க்காரர்களுக்கு லேசான காரியமாகத் தெரியும்: கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும் என்று. அப்படி இல்லை. பருவத்துக்கு முன்னால் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். தண்ணீரைப் பாத்தி மாற்றி விட்டுக் காயவைத்து உப்புச் செறிவின் டிகிரி பார்க்க வேண்டும். இருபத்தைந்து டிகிரிக்கு உப்பு படியத் தொடங்கும். முப்பதை நெருங்குமுன் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டைக்குள்ளேயே நசநசக்கும். வாருபலகையை மேலாக ஓட்டி உப்பை இழுக்க வேண்டும். அடிமண் கலந்தால் விலை போகாது. இத்தனையும் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு. நடுப்பகலில் வெள்ளைக் குவியலைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் எதிரே நிற்கிற ஆள் கருப்பு நிழலாகத்தான் தெரிவார்.

இந்தப் பாட்டை எல்லாம் அந்த நாவலில் அளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சியின் காலும் கையும் கண்ணும் படுகின்றன. பாட்டாளியின் துயரம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவவில்லை ஆசிரியர். கங்காணி, கணக்கப்பிள்ளை வகையறாவுக்கு அதில் நல்ல பெயர் கிடையாது. கணக்கப்பிள்ளையாக இருந்தவன் சொல்கிறேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பின்பாதியில் பாத்திரங்கள் கொஞ்சம் மேடைப் பேச்சு பேசுகிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடல்பக்கம் வந்தால் முதல் மரியாதை வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலுக்கு. 1977-இல் வந்த சின்னப் புத்தகம். விசைப்படகான லாஞ்சு வந்து நாட்டுப்படகு வல்லக்காரர்களோடு மோதும் காலத்தை ஒரு வீட்டுக்குள் வைத்தே காட்டிவிடுகிறார். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வேறு ரகம். கட்டுமரத்தோடு கடலில் தத்தளிக்கும் மூன்று பேரை விட்டு நம்மால் கரைக்கு வர முடியாது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயர்கள் பாதி புரியாது. புரியாமலே ஓட்டத்தில் இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு சாகித்ய அகாடமி பரிசு வாங்கித் தந்த ‘கொற்கை’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆட்களின் பெயரைத் தனி நோட்டில் வரவு வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன். இருநூறு பக்கம் குறைத்திருக்கலாம். ஆனால் தோணித் தொழில் வருகிற பக்கங்களில் ஒரு வரிகூட விடமாட்டேன்.

தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் அருமையாக இருக்கிறது. கரையில் பெண் தவறினால் கடலில் புருஷன் திரும்பமாட்டான் என்கிற நம்பிக்கையில் கதையே நிற்கிறது. எங்கள் கரையில் எனக்குத் தெரிந்த பெண்களிடம் இதைச் சொன்னபோது, வலைக்கும் என்ஜினுக்கும் வாங்கின கடன்தான் ஆளை முழுக்கும் என்று சிரித்தார்கள்.

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி பேர்ல்’ 1947-இல் வந்தது. மெக்சிகோ கடலோரத்தில் கீனோ என்ற ஏழைக்குப் பெரிய முத்து கிடைக்க, அதனாலேயே அவன் குடும்பம் நாசமாகிறது. சங்கு குளிக்கப் போகும் ஒரு பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கீனோ ஒரு கயிற்றில் கல்லையும் இன்னொன்றில் கூடையையும் கட்டி இறங்குகிறான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம ஆளு மாதிரில்லா இருக்கான் அண்ணாச்சி! இங்க கூடைக்குப் பதிலா வலைப் பை, அம்புட்டுதான்.” முத்து கிடைத்த பிறகு நடப்பதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. “அவன எவன் தொறந்து பாக்கச் சொன்னான்? எங்கய்யா குளிச்ச காலத்துல சிப்பிய மூடுன மேனிக்கே வித்துட்டு ரூவாய எண்ணிட்டு வந்துருவாக. உள்ள முத்து இருக்கா நண்டு இருக்கான்னு பாக்குறது வாங்குனவன் தலையெழுத்து.”

அவர் சொன்னதில் எங்கள் கடலின் முத்துக்குளிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. கடலடி முத்துப் பார்களில் எடுத்த சிப்பியை ஆயிரம் கணக்கில் அரசு ஏலம் விடும். குளிப்பவர்கள் தங்கள் பங்கைக் கரையிலேயே விற்றுவிடுவார்கள். சூதாட்டம் வியாபாரிக்கு, மூச்சடக்கம் இவர்களுக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. இவ்வளவு இருந்தும், தனியாக வருகிறவர்களிடம் போட்டி போடுவதுபோல் நடித்து எல்லாரும் ஒரே முதலாளிக்கு வாங்குகிற முத்துத் தரகர்களை ஸ்டைன்பெக் எழுதியிருக்கும் இடத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த அத்தியாயத்தை எங்கள் ஊர் எந்தச் சந்தையிலும் வைத்துப் படிக்கலாம்.

வ.உ.சி. மேல் எனக்குள்ள பக்திக்கு அளவில்லை. ஆனால் அவர் மொழிபெயர்த்த ஜேம்ஸ் ஆலனின் ‘மனம் போல வாழ்வு’ பாதியைத் தாண்டவில்லை. நல்ல எண்ணம் வைத்தால் நல்ல வாழ்வு வரும் என்பதை, கப்பல் கம்பெனி நடத்தி, செக்கிழுத்து, கடைசிக் காலத்தில் கடனோடு போராடியவர் தமிழாக்கியதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. புத்தகம் நகரமாட்டேன் என்கிறது. அதைவிட, ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலை வாங்குங்கள். 2024-க்கான சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. சுதேசிக் கப்பல் கம்பெனி பற்றியும் வேங்கடாசலபதி ஆங்கிலத்தில் தனியாக எழுதியிருக்கிறார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம். இதைப் படித்ததும் பழைய கணக்கப்பிள்ளைக்குக் கை பரபரத்தது. தலைவரின் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் பலர். ரசீதையும் போலீஸ் அறிக்கையையும் புரட்டி நடந்ததைச் சொல்கிறவர்கள் சிலர்தான்.

உப்பளத்தை வெளியூர்ப் பெண்மணி ஒருவர் வந்து எழுதிக் கொடுத்தார். பாத்தி மிதித்த ஒருவரே எழுதிய நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. அப்படி ஒன்று வந்திருந்தால் யாராவது சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்குகிறேன். வராவிட்டால், முள்ளக்காட்டிலோ முத்தையாபுரத்திலோ நோட்டும் பேனாவுமாக இருக்கிற பிள்ளைகள் தங்கள் அம்மாவின் வேலையிலிருந்து தொடங்கலாம்.