கடையில் வெளியே இருந்த முட்டை, வீட்டில் ஃபிரிட்ஜில் எதற்கு?

நாமக்கல் பண்ணையிலிருந்து கிளம்பும் முட்டை, லாரியிலும் மளிகைக் கடையிலும் அட்டையில் அடுக்கி வெளியில்தான் இருக்கிறது. கடையில் கெடாத முட்டை வீட்டில் மட்டும் கெட்டுவிடுமா?

ஓட்டின் மேல் ஒரு காப்பு

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் இயற்கையான மெல்லிய படலம் கிருமிகளைத் தடுக்கிறது. அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் இந்தப் படலம் போய்விடுகிறது. அதனால் அங்கே சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குள் வைப்பது கட்டாயம். ஐரோப்பிய நாடுகளில் பொதுவாகக் கழுவுவதில்லை. கடைகளிலும் வெளியிலேயே வைக்கிறார்கள்.

நம் ஊர் வெயில்

ஐரோப்பியக் குளிரில் சரிப்படுவது சித்திரை வெயிலில் சரிப்படாது. தொற்றுள்ள கோழியிடமிருந்து சால்மோனெல்லா கிருமி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் வந்துவிடலாம். சூட்டில் மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வு தளர, கிருமி வேகமாகப் பெருகும். குளிரில் அதன் வளர்ச்சி மந்தமாகிவிடும்.

எவ்வளவு நேரம் வெளியே?

கழுவாத முட்டை, குளிர்ந்த நிழலான இடத்தில் சில நாள் இருக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்தால் வியர்க்கும்; அந்த ஈரத்தோடு கிருமியும் துளை வழியே உள்ளே போகலாம். அதனால் 2 மணி நேரத்துக்கு மேல், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல், வெளியே விட வேண்டாம். அவித்த முட்டைக்கும் இதே கணக்கு. ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும்.

தண்ணீர்ச் சோதனை போதுமா?

தண்ணீரில் மிதந்தால் முட்டை பழையது என்று அர்த்தம். மூழ்கினால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. சால்மோனெல்லா இருந்தாலும் நிறமோ வாடையோ மாறாது.

வேகவைப்பதே பாதுகாப்பு

வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் கிருமி அழியும். ஆஃப்பாயில், கலக்கி, பச்சை முட்டை மயோனைஸ் ஆகியவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

எப்போது டாக்டரிடம் போவது?

கிருமி நம் உடலுக்குள் போன 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி தொடங்கலாம். பலருக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகும். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து வர வேண்டும். பேதியில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைதல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.