நீரில் மின்சாரம் இருக்கிறதா?

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்குச் செல்லும் சாலையில் சுமார் 13 மைல் தூரத்தில் பைக்காரா ஆறு குறுக்கிடுகிறது. முக்குருத்திச் சிகரத்தில் தோன்றி, தோடர்களால் புனிதமாகப் போற்றப்படும் ஆறு அது. அருவியைக் கண்டு களிக்கும் பிரயாணிகளில் சிலருக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு: "இந்தத் தண்ணீரிலிருந்தா மின்சாரத்தை எடுக்கிறார்கள்? அப்படி எடுத்துவிட்டால் தண்ணீரில் சாரம் குறைந்துவிடாதா? பயிருக்கு அது உதவுமா?"

கவலைப்பட வேண்டியதில்லை. தண்ணீரில் மின்சாரம் இல்லவே இல்லை. அதனிடம் இருப்பவை இரண்டே: கனம், உயரம். மலைமேல் இருக்கும் நீரைக் குழாய்களில் அடைத்து, 3,000 அடிக்கு மேல் இறக்கி, மலையடிவாரத்திலுள்ள சிங்காரா மின்நிலையத்துக்குக் கொண்டு செல்கிறார்கள். அவ்வளவு உயரமான நீர்க்கம்பம் அடியில் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் ஏறக்குறைய 1,300 ராத்தல் கனத்துடன் அழுத்தும். குழாயின் நுனித் துவாரத்தில் வெளிப்படும் தாரையின் வேகம், வழியில் ஏற்படும் உராய்வைத் தள்ளிக் கணக்கிட்டால், மணிக்கு 300 மைல்! கிண்ணங்கள் பொருத்திய பெல்ட்டன் சக்கரத்தில் அத்தாரை மோதுகிறது, சக்கரம் சுழல்கிறது. தண்ணீரின் வேலை அத்துடன் முடிந்தது. சாரம் எதுவும் குறையாமல் அது வெளியேறுகிறது. 1950-களின் தொடக்கத்தில் அதே நீரைக் கொண்டு மாயாற்றில் இன்னொரு மின்நிலையத்தை இயக்கத் தொடங்கியதே இதற்குச் சாட்சி.

அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

பாரடே கண்ட ரகசியம்

இதற்கு விடை கண்டவர், கருமான் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே. மின்சாரம் காந்த சக்தியை உண்டாக்குகிறது என்பது அவர் காலத்தில் தெரிந்திருந்தது. காந்தத்திலிருந்து மின்சாரத்தைப் பெற முடியுமா என்பதே அவரை வாட்டிய கேள்வி. காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் சும்மா வைத்திருந்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒன்றும் நேராது. 1831-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் காந்தத்தைச் சுருளுக்குள் சட்டென்று நுழைத்தார்; மின்சாரத்தைக் காட்டும் முள் அசைந்தது. வெளியே இழுத்தார்; முள் எதிர்த் திசையில் அசைந்தது. காந்தம் நின்றதும் முள்ளும் நின்றுவிட்டது.

ரகசியம் இதுதான்: காந்தம் இருப்பது போதாது, சுருளினூடே செல்லும் காந்த சக்தி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறுதல் எவ்வளவு விரைவோ, சுற்றுகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு மின்சாரத்தின் உந்துதலும் அதிகம்.

சிங்காராவில் நடப்பதும் இதுவே. நீர்ச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்து மின்காந்தங்கள் சுழல்கின்றன. சுற்றிலும் கம்பிச் சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. ஒவ்வொரு சுருளின் முன்னும் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி வந்து போகின்றன. அதனால்தான் நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது.

இனாமாக எதுவும் இல்லை

காந்தத்தைச் சுழற்றினால் போதுமென்றால், ஒரு தடவை சுழற்றிவிட்டு என்றென்றும் மின்சாரம் பெறலாமே என்று தோன்றும். இயற்கை அவ்வளவு ஏமாளியல்ல. சுருளில் பிறக்கும் மின்சாரம் தானும் ஒரு காந்தமாகி, தன்னைப் பெற்ற சுழற்சியையே எதிர்க்கிறது. 1834-இல் லென்ஸ் என்னும் விஞ்ஞானி வகுத்த விதி இது. ஊரில் விளக்குகள் அணைந்திருக்கும்போது காந்தம் லேசாகச் சுழலும். மாலையில் வீடுதோறும் விளக்கேற்றினால் அது கனத்துவிடும். வேகம் குறையாதிருக்க இன்னும் அதிக நீரைத் திறந்துவிட வேண்டும்.

பிறந்த மின்சாரத்தைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்புவதற்கும் பாரடேயின் தத்துவமே துணை. டிரான்ஸ்பார்மரில் ஒரு சுருளில் ஊசலாடும் மின்சாரம், தொடாமல் அருகிலிருக்கும் மற்றொரு சுருளிலும் மின்சாரத்தை எழுப்புகிறது. அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் கம்பியில் ஓடும் மின்சாரம் பத்தில் ஒன்றாகும். வெப்பமாக வீணாவதோ நூறில் ஒன்றாகிவிடும்.

1923 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தின் நிர்வாக சபையில் இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர் ஊக்கத்துடன் ஆதரித்த திட்டம் பைக்காரா. 1932-இல் மின்சாரம் பிறந்தது. கோயமுத்தூர்ச் சீமையில் பஞ்சாலைகள் பெருகின. ஆழ்கிணறுகளில் கமலை இறைத்த இடத்தில் மின்சாரப் பம்புகள் ஓடலாயின. மலையில் பெய்த மழை, வறண்ட காட்டின் கிணற்று நீரை மேலே தூக்கித் தந்தது!

இன்று அனல், அணு, காற்று, நீர் எல்லா மின்சாரமும் ஒரே கம்பி வலையில் கலந்து வருகிறது. சூரியத் தகடுகளைத் தவிர, இவை யாவும் காந்தத்தையும் சுருளையும் நம்பியவையே. ஆனால் தேவை திடீரென்று ஏறும் மாலை வேளையில் சில நிமிஷங்களில் கைகொடுப்பது நீர் மின்சாரமே. அந்த நீரைத் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடுபவை நீலகிரியின் சோலைகளும் புல்வெளிகளும். அவை அழிந்தால் மழை ஒரே வெள்ளமாய் ஓடிவிடும். கோடையில் ஓடை வற்றும். காந்தமும் சுருளும் எத்தனை சிறந்தவையாயினும், சுழற்றுவதற்கு நீரில்லாவிட்டால் அவை வெறும் இரும்பும் செம்பும்தான்.

ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதைக் கண்டால் குழந்தைகளிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த விளக்கு எங்கோ ஒரு காந்தத்தைக் கனக்கச் செய்கிறது, அதைச் சுழற்ற ஒரு மலை தன் நீரை இழந்துகொண்டிருக்கலாம்.