சாய்வும் வெட்டுத்துண்டும்

பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் டாக்சியில் ஏறி 4 கிலோமீட்டர் செல்கிறார். கட்டணம் 8 வெள்ளி. 8 கிலோமீட்டர் சென்றால் எவ்வளவு? நேர்விகிதக் கணக்கில் பழகிய மாணவன், "தூரம் இரட்டித்தது, கட்டணமும் இரட்டிக்கும், 16 வெள்ளி" என்பான். மீட்டரோ 13 வெள்ளி காட்டுகிறது எனக் கொள்வோம். அவன் பெருக்கியதில் பிழையில்லை. அவன் காணத் தவறியது எது?

தூரம் 4 கிலோமீட்டர் கூடியபோது கட்டணம் 5 வெள்ளி கூடியது. 5-ஐ 4-ஆல் வகுத்தால், கிலோமீட்டருக்கு 1.25 வெள்ளி. இக்கூடும் வீதமே சாய்வு. இனி முதற் பயணத்தை நோக்குவோம். வீதப்படி 4 கிலோமீட்டருக்கு 5 வெள்ளியே ஆகும், கொடுத்ததோ 8. எஞ்சிய 3 வெள்ளி, வண்டி நகருமுன்னரே மீட்டரில் விழுந்த தொகை. வரைபடத்தில் கோடு நிலையச்சை 3 என்னும் உயரத்தில் வெட்டும். ஆதிப்புள்ளியிலிருந்து அவ்விடம் வரையுள்ள துண்டே வெட்டுத்துண்டு. பெயரே பொருளை உரைப்பதைக் காண்க! இத்துண்டு சுழியாயின் மட்டுமே மாணவன் சொன்ன இரட்டிப்பு விதி செல்லும்.

கட்டணத்தைக் 'க' என்றும், தூரத்தைத் 'தூ' என்றும் குறித்தால்,

க = 1.25 தூ + 3

கிள்ளான் வரை 30 கிலோமீட்டர் எனக் கொண்டால், வண்டியில் ஏறாமலே 40 வெள்ளி 50 காசு என்று சொல்லிவிடலாம்.

இதே சமன்பாடு பாடநூல்களில் 5தூ − 4க + 12 = 0 என வேறு கோலம் பூண்டு வருவதுண்டு. சாய்வு 5, வெட்டுத்துண்டு 12 என்று விரைந்து எழுதுவோர் தடுமாறுவது இங்கேதான். முதலில் 'க'வைத் தனியே நிறுத்துதல் வேண்டும்: 4க = 5தூ + 12. இருபுறமும் 4-ஆல் வகுத்தால், பழைய 1.25-உம் 3-உம் வெளிப்படும்.

நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு நீங்குகின்றனர். தேசிய இடைநிலைப்பள்ளியில் இக்கருத்துகள் 'கெச்செருனான்', 'பிந்தாசான்' என்னும் மலாய்ப் பெயர்களோடு வருகின்றன. சொல்லும் புதிது, பொருளும் புதிது என்றால் சுமை இரட்டிக்கும், மனப்பாடமே புகலிடமாகும். கணிதத்தை 2003-இல் ஆங்கிலத்துக்கு மாற்றிய திட்டம் கைவிடப்படும் என்று 2009-இல் அரசு அறிவித்தது. அதனால் தமிழுக்கு மீண்ட வகுப்பறையை நாம் நன்கு பயன்படுத்த வேண்டாமா? டாக்சிக் கணக்கு ஒன்றைத் தமிழில் நடத்தி அனுப்பினால், பின்னர் அவர்கள் கற்க வேண்டியது புதிய சொல் மட்டுமே. பொருள் முன்பே அவர்களுடையதாகியிருக்கும்.