சீனக்குடாவில் இறங்கும்போது எந்த யன்னல்?

ஓர்ஸ் ஹில் எனப்படும் உவர்மலையில் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. உட்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடா விமானத்தளம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது துறைமுகத்திலும் இந்தத் தளத்திலும்தான். எங்கள் தலைமுறையோ இரைச்சல் கேட்டால் முதலில் பதுங்குகுழியைத் தேடியது. அதே வானத்தில் இப்போது பயணியாக யன்னலோரம் இருந்து கீழே பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் சிலர் கட்டுநாயக்கவிலிருந்து சிறிய விமானத்தில் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பக்கம் இருந்தால் ஊர் தெரியும்?

கட்டுநாயக்கவிலிருந்து சீனக்குடா நேர்கோட்டில் ஏறத்தாழ 210 கிலோமீற்றர், வடகிழக்குத் திசை. அந்தக் கோட்டுக்கு வலப்பக்கத்தில் சீகிரியாவும் மின்னேரியாக் குளமும் வரும், இடப்பக்கத்தில் கலாவெவ. கந்தளாய்க் குளம் கிட்டத்தட்ட நேர் கீழே. ஆகவே வரும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். ஆனால் காலை விமானம் என்றால் வலப்பக்கத்தில் வெயில் கண்ணைக் கூசவைக்கும், தண்ணீர் வெறும் வெள்ளித் தகடுபோலத்தான் தெரியும். பின்னேரப் பயணம் நல்லது.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு இந்தக் கணக்கு மாறலாம். காரணம் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். சீனக்குடா ஓடுபாதை தென்மேற்கு – வடகிழக்காகக் கிடக்கிறது. கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் விமானம் சுற்றிவந்து, கடல் பக்கமிருந்து நகரையும் உட்துறைமுகத்தையும் ஒட்டித் தென்மேற்கு நோக்கி இறங்கவே வாய்ப்பு அதிகம். அப்போது இடப்பக்கம் இருப்பவருக்கே யோகம். முதலில் கொட்டியாரக்குடா முழுவதும், அதன் மறுகரையில் மூதூரும் சம்பூரும், பிறகு கடற்படைத் தளத்தின் காட்டு மேடுகள். வலப்பக்கத்தாருக்கு உப்புவெளி, நிலாவெளிக் கரை. வாடைக் காலத்தில் தம்பலகாமத்துப் பக்கமிருந்து வடகிழக்கு நோக்கி இறங்கினால் எல்லாம் தலைகீழ். வலப்பக்கத்தில் கிண்ணியாவும் 2009இல் திறந்த 396 மீற்றர் பாலமும். இடப்பக்கத்தில் தம்பலகாமத்து வயல்கள். மார்கழியில் மேகம் மூடிவிட்டால் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

முடிவு விமானியுடையது. கடற்காற்று மாறினால் திசையும் மாறும்.

இந்தப் பாதையில் பறக்கும் செஸ்னா கரவன் போன்ற விமானங்களில் இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் பார்வையை மறைக்காது. இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கம்பி மட்டும் ஒரு யன்னலுக்குக் குறுக்கே வரும். அதற்குப் பின்வரிசை நல்லது. எடைச் சமநிலைக்காக அவர்களே ஆசனத்தைத் தீர்மானிப்பதும் உண்டு. ஏறுமுன் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சீனக்குடா விமானப்படைத் தளமும்கூட. படம் எடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சம்பூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. 2006 ஏப்ரலில் அந்தக் கரையில் குண்டு விழுந்து சனம் வெளியேறியது. காணிகள் 2015 முதல்தான் கட்டம் கட்டமாகக் கைக்கு வந்தன. மேலேயிருந்து வீட்டைத் தேடினால் கிடைக்காது. கூரை போன இடத்தில் பற்றை, பற்றை வெட்டிய இடத்தில் புதுத் தகரம். ஒன்றையொன்று பிரித்தறிய முடியாது. குளம், கோயில், கரையின் வளைவு, இவை மூன்றும்தான் உயரத்திலிருந்து அடையாளம். புறப்படுமுன் கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டுக்குக் கிட்டிய குளத்தைப் பார்த்து, கரையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடா கண்ணில் பட்டதும் முதலில் கரையைப் பிடித்து, அங்கிருந்து உள்ளே வரவேண்டும். ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வருகிறீர்கள் என்றால் யன்னல் அவர்களுக்கு. ஊரின் பழைய அடையாளங்கள் அவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் போதும். முன்கூட்டியே பக்கத்தைச் சொல்லி வையுங்கள். கச்சானுக்கு இடம், வாடைக்கு வலம்.