தோழர்களைக் காக்க வெடிமேல் பாய்ந்த சுபேதார்

பெங்களூர், அல்சூர் ஏரியை ஒட்டியுள்ள "எம்.இ.ஜி." ராணுவ முகாமைத் தெரியாத தமிழர்கள் இந்நகரில் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படையைச் சேர்ந்து, இத்தாலி மண்ணில் உயிர் நீத்த சுபேதார் சுப்பிரமணியனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் உள்ள கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்தைச் சேர்ந்தவர் சுப்பிரமணியன்.

உளியும் துப்பாக்கியும்

"மதராஸ் சாப்பர்ஸ்" என்று பெயர் பெற்ற இந்தப் படை 1780-ம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. 1834-ல் பெங்களூருக்கு வந்தது. இதன் வீரர்களைத் "தம்பி" என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். தமிழ்ச் சொல்லே பட்டாளத்தில் பட்டப்பெயராகிவிட்டது!

இவர்கள் துப்பாக்கி ஏந்துவதோடு நின்றுவிடுபவர்கள் அல்ல. தச்சு வேலை, கொல்லு வேலை, கட்டட வேலை எல்லாம் தெரிந்தவர்கள். படை முன்னேற வேண்டுமானால் ஆற்றில் பாலம் போட வேண்டும்; சாலை அமைக்க வேண்டும்; எதிரி புதைத்த கண்ணிவெடிகளை அகற்ற வேண்டும். இத்தனையும் சாப்பர்களின் பொறுப்பு. முள்வேலித் தடைகளைத் தகர்க்கும் "பெங்களூர் டார்பிடோ" 1912-ல் இங்கேதான் உருவாக்கப்பட்டது.

சுப்பிரமணியன் பணியாற்றியது 11-வது பீல்டு பார்க் கம்பெனியில். பட்டறையும், பாலச் சாமான்களும், தளவாடங்களும் கொண்ட கம்பெனி அது. இரண்டாம் உலகப் போரில் 4-வது இந்திய டிவிஷனுடன் அது இத்தாலி சென்றது.

அந்தச் சில விநாடிகள்

1944 பிப்ரவரி. காசினோ மலையைப் பிடிக்கக் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் இருந்த பழைய மடாலயம் 15-ந் தேதி குண்டு வீச்சில் தரைமட்டமானது. ஆனாலும் ஜெர்மானியர் பின்வாங்கவில்லை. மழையும் குளிரும் சேறும் வீரர்களை வாட்டின.

24-ந் தேதி, மிக்னானோ என்ற ஊருக்கு அருகே, கண்ணிவெடிகள் நிறைந்த நிலத்தில் பாதை திறக்கும் பணியில் சுப்பிரமணியன் ஈடுபட்டிருந்தார். உடன் ஓர் அதிகாரியும் சில வீரர்களும் இருந்தனர். அப்போது வீரர்களில் ஒருவரின் கால் ஒரு வெடிமீது பட்டுவிட்டது.

மிதித்த பின் சில விநாடி கழித்தே அந்த வெடி வெடிக்கும். ஓடித் தப்ப நினைத்திருந்தால் அவர் தப்பியிருக்கலாம். அவர் ஓடவில்லை. வெடியின் மேல் பாய்ந்து, தம் உடலாலேயே அதை மூடினார். வெடித்த வேகம் முழுவதையும் அவர் உடல் தாங்கிக்கொண்டது. தோழர்கள் பிழைத்தனர். அவர் உயிர் பிரிந்தது.

ஜார்ஜ் கிராஸ்

அதே ஆண்டில் அவருக்கு "ஜார்ஜ் கிராஸ்" விருது அறிவிக்கப்பட்டது. 1940-ல் ஏற்படுத்தப்பட்ட இவ்விருது, எதிரியுடன் நேருக்கு நேர் மோதும் களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு உரியது. விக்டோரியா கிராசுக்கு இணையாக மதிக்கப்படுவது. போர்முனையில் பிற உயிரைக் காக்கத் தன்னுயிரைத் தந்த தமிழருக்கு இது கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

போர் முடிந்து திரும்பிய தம்பிகள் பலர் உண்டு. பட்டாளத்தில் கற்ற கைத்தொழில், பென்ஷனுக்குப் பின்னும் அவர்களுக்குக் கைகொடுத்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. சுப்பிரமணியனுக்கோ அந்த வாழ்வு வாய்க்கவில்லை. தம்முடன் வந்தவர்களுக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

பெங்களூரில் தமிழர் வாழ்ந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பெற்றோர் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 24, அதற்கு ஏற்ற நாள்.