பிடி அரிசியும் பெருங்குடல் பரிசோதனையும்



நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது அடிக்கடி கேட்கிற ஓர் அறிவிப்பு உண்டு. இன்ன தெருவைச் சேர்ந்த இன்னார் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் சேர்க்கப்பட்டிருக்கிறார், ஆலய வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம், தாராளமாக உதவுங்கள். கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இந்த வேண்டுகோளைத் தட்டுவதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிற பெண்கள்கூட, கூலியில் ஒரு பங்கை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

இந்தத் தாராளத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அது எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. பெருங்குடலில் வரும் புற்றுநோயைப் பொறுத்தவரை, வாசலில் பெட்டி வைக்கப்படும் நாளில் பல நேரங்களில் நோய் குடலைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனால் அது வளரும் வேகமோ மிக மெதுவானது. குடலின் உட்சுவரில் காளான் முளைத்தாற்போல ஒரு சிறு சதை வளர்கிறது. மருத்துவர்கள் இதைப் 'பாலிப்' என்கிறார்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். சில மட்டும் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் புற்றாக மாறும். பத்து ஆண்டுகள்! அந்தக் காலத்தில் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்து அந்தச் சதையை நீக்கிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களுக்கு நடந்ததை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். 1992ஆம் ஆண்டு ஜூலை மாதம் உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் அவருடைய பெருங்குடலிலிருந்து ஒரு பெரிய கட்டி அகற்றப்பட்டது. அது இன்னும் புற்றாக முற்றவில்லை. அதன்பின் அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் திருச்சபையை வழிநடத்தி, 2005இல்தான் இறைவனடி சேர்ந்தார். அதே 1992ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அவர் உலக நோயாளர் தினத்தை ஏற்படுத்தியிருந்தார்.

திருத்தந்தைக்குக் கிடைத்தது தேவாரத்திலும் கோம்பையிலும் உள்ள கூலித் தொழிலாளிக்குக் கிடைக்குமா? இங்கே முதல் தடை பணம்கூட அல்ல, ஒரு சொல். மலத்தில் இரத்தம் போனால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். உடம்புச் சூடு, காரம் அதிகம், உட்கார்ந்தே வேலை என்று காரணங்களும் தயாராக இருக்கும். கம்பத்திலிருந்து தேனிவரை பேருந்தில் வருகிறவர்கள் மூலம், பௌத்திரம் விளம்பரங்களைச் சுவர்களில் படித்துக்கொண்டே வரலாம். இரத்தம் போகிற பலருக்கு அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மையே. சிலருக்கு அப்படி இல்லை. எது எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பெண்கள் இதைக் கணவனிடம்கூடச் சொல்வதில்லை. மாற்கு நற்செய்தியில் வரும் இரத்தப்போக்குடைய பெண் பன்னிரண்டு ஆண்டுகள் தவித்தவர். கைப்பொருளையெல்லாம் மருத்துவர்களிடம் செலவழித்தவர். கூட்டத்துக்குள் ஒளிந்து, பின்னாலிருந்து ஆடையைத்தான் அவரால் தொட முடிந்தது. நோயைவிட வெட்கம் அவரை அதிகம் வாட்டியிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

வேறு பெயர் சொல்லி ஏமாந்தது படிக்காதவர்கள் மட்டும் அல்ல. புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவம் படித்து, பின்னாளில் சென்னை சட்டமன்ற மேலவைக்குச் சென்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1920களின் தொடக்கத்தில் இளவயதிலேயே இறந்தார். அவருக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். அதைச் சீதபேதி என்று நினைத்தே முதலில் வைத்தியம் பார்த்தார்கள். ஒரு மருத்துவரின் குடும்பத்திலேயே இப்படி! அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஏழைகள் தேடிப்போகும் அந்த நிறுவனம் மக்கள் கொடுத்த காசில் எழுந்தது.

பரிசோதனையால் ஏழைகளின் உயிர் காக்கப்படுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நம் அண்டை மாவட்டத்தைப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊராட்சிகளைத் தேர்ந்து, பாதி ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எளிய பரிசோதனை செய்தார்கள். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும் இதில் பங்கெடுத்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே 31,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் அந்நோயால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

பெருங்குடலுக்கு அப்படி ஓர் அரசுத் திட்டம் நம்மிடம் இல்லை. மத்திய அரசு 2016இல் வகுத்த நெறிமுறை வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றோடு நிற்கிறது. மேலைநாடுகளைவிட இந்நோய் இந்தியாவில் குறைவு என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே ஊரில் உள்ள எல்லாரையும் வரிசையில் நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 50 வயதைத் தாண்டியவர்களையும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ இந்நோய் கண்டவர்களையும் முதலில் அழைக்கலாம். குடும்பத்தில் நோய் இருந்தால் 50 வரை காத்திருக்கவும் கூடாது, 40லேயே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே இரத்தம் போகிறவர்களுக்கும், காரணமில்லாமல் உடல் மெலிந்து சோகை பிடித்தவர்களுக்கும் இந்தப் பரிசோதனையே வேண்டாம். அவர்கள் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனை எளிது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டிலேயே ஒரு சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும். பத்தியம் இல்லை, வேலைக்கு லீவும் இல்லை. நம் வெயிலில் மாதிரி கெட்டுவிடும் என்பதால் காலையில் எடுத்ததை அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஒருமுறை இரத்தம் இல்லை என்று வந்தாலும் ஓரிரு ஆண்டில் திரும்பப் பார்க்க வேண்டும்.

பணமும் மனமும் உண்மையில் தேவைப்படுவது அடுத்த படியில்தான். தாய்லாந்தின் லம்பாங் மாகாணத்தில் 50 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தபோது ஏறத்தாழ 80,000 பேர் முன்வந்தார்கள். சுமார் 870 பேருக்கு இரத்தம் தெரிந்தது, அதாவது நூற்றில் ஒருவருக்கு. அவர்களுள் குழாய்ப் பரிசோதனைக்குப் போனவர்கள் 72 சதவீதம் பேர்தான். மீதிப்பேர் எச்சரிக்கையைக் கேட்டும் போகவில்லை. போனவர்களில் பத்துக்கு மூவருக்கு அந்தச் சதை இருந்தது. சிலருக்குப் புற்றே இருந்தது.

நம் ஊரில் ஏன் போகமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். முதல் நாளே குடலைக் கழுவ மருந்து கரைத்துக் குடிக்க வேண்டும். இரவெல்லாம் கழிப்பறைக்கு ஓட வேண்டும். கழிப்பறை இல்லாத வீட்டில் ஒரு பாட்டி இதை எப்படிச் செய்வார்? க.விலக்கு அரசு மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போய்வரத் துணை ஒருவர் வேண்டும். இரண்டு பேருடைய கூலியும் போகும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை நோய் வந்தபின் கைகொடுக்கும், ஆனால் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் எந்த அட்டையும் தராது.

நல்ல சமாரியர் உவமையை நாம் பெரும்பாலும் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததோடு நிறுத்திவிடுகிறோம். அவர் மறுநாள் செய்ததையும் லூக்கா எழுதியிருக்கிறார் (10:35). சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார். பங்கில் இத்தகைய நிதி தொடங்குகிறவர்கள் குழாய்களை வாங்கி விநியோகித்துப் படம் எடுத்துக்கொள்வதில் பாதிப் பணத்தைக் கரைத்துவிடக் கூடாது. முதலில் அந்த 'மேற்செலவை' ஒதுக்கிவைக்க வேண்டும். ஆயிரம் பேருக்குச் சோதனை செய்தால் பத்துப் பேரையாவது இறுதிவரை கூட்டிப்போகப் பணம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நூறு பேரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இதற்கு வெளிநாட்டு உதவியைத் தேட வேண்டியதில்லை. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போடும் பிடி அரிசிப் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. யாருக்கு என்று தெரியாமலே, தேவை வருமுன்னே எடுத்துவைப்பது அது. புனித பவுலும் கொரிந்து சபையிடம் கேட்டது இதைத்தான்: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் சேர்த்துவைக்க வேண்டும், தாம் வந்தபின் வசூல் நடக்கக் கூடாது (1 கொரி 16:2). நம் ஊர்ச் செய்முறை நோட்டில் எழுதும் மொய் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துப் போடுவது. பிடி அரிசிக்கு நோட்டு கிடையாது.

எனினும் நிதிக்குக் கணக்கு வேண்டும். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுசெல்லப் பவுல் தனியாகப் போகவில்லை. யாரும் குறை கூறாதபடி தீத்துவோடு சபைகள் நம்பிய வேறு சகோதரர்களையும் அனுப்பினார் (2 கொரி 8). அதுபோல ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இருவர், அவர்களில் ஒருவராவது பெண், பணத்தைப் பொறுப்பேற்கட்டும். வரவும் செலவும் மாதாமாதம் ஆலயப் பலகையில் எழுதப்படட்டும். பரிசோதனை முடிவை மட்டும் பலகையிலோ பீடத்திலிருந்தோ சொல்ல வேண்டாம். குழாயின்மேல் பெயருக்குப் பதில் எண்ணை எழுதி, இரத்தம் தெரிந்தவர்களின் வீட்டுக்கு மாலை வேளையில், ஜீப் வந்து இறங்கியபின், அந்தப் பெண் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு, எந்த நாள் துணைக்கு வரலாம் என்று கேட்டுவரட்டும்.