பாடகரே இல்லாத ரெகே: சாக்ஸபோன் 'பாடுவது' எப்படி?

ரெகே என்றதும் பலருக்கும் பாப் மார்லியின் குரல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், பாடகரே இல்லாமல் சாக்ஸபோனை முன்னால் நிறுத்திப் பதிவான ரெகே ஆல்பங்களும் ஜமைக்காவில் உண்டு. அவற்றில் வாசித்த பலர் ஜாஸ் இசையில் ஊறியவர்கள். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

எங்கே தொடங்கியது?

கிங்ஸ்டன் நகரில் ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்றொரு கத்தோலிக்கப் பள்ளி. ஆதரவற்ற சிறுவர்களுக்காக நடத்தப்பட்டது. கைத்தொழில்களோடு பேண்டு வாத்தியமும் அங்கே பாடம். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரி பல தலைமுறை மாணவர்களின் இசை ஆர்வத்தை வளர்த்தார். இங்கிருந்து வெளியே வந்தவர்களுக்குப் பிழைப்பு தந்தவை, ஹோட்டல்களிலும் கிளப்களிலும் ஜாஸ் வாசித்த குழுக்கள்தான்.

உள்ளூரில் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்கள் வந்தபோது, கூப்பிடப்பட்டவர்களும் இவர்களே. 1964-ல் உருவான ஸ்கடலைட்ஸ் குழுவில் டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், டான் டிரம்மண்ட், ஜானி மூர் ஆகிய நால்வரும் ஆல்ஃபா மாணவர்கள். அவர்கள் வாசித்த வேகமான 'ஸ்கா' இசை பிறகு நிதானமாகி ராக்ஸ்டெடி ஆனது. 1968 வாக்கில் ரெகே ஆனது. ஆக, ஜாஸ் பின்னாளில் ரெகேயில் கலக்கப்பட்ட சரக்கு இல்லை. ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தது.

தாளத்தில் என்ன விசேஷம்?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். 'ஒன் டிராப்' என்கிற ரெகே தாளத்தில் முதல் அடி காலியாக இருக்கும். டிரம்ஸின் கனமான அடி மூன்றில் விழும். இரண்டிலும் நான்கிலும் கிடாரோ பியானோவோ 'சக்' என்று வெட்டும். இதற்கு அடியில் பேஸ் கிடார் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த இந்த அடித்தளத்துக்குப் பெயர் 'ரிடிம்'.

சாக்ஸபோன் கலைஞருக்குச் சவால் இங்கேதான். ஜாஸில் அவர் இஷ்டத்துக்குப் பறக்கலாம்; அதற்கேற்ப மற்றவர்களும் மாறுவார்கள். ரெகேயில் ரிடிம் அசையாது. நிறைய ஸ்வரங்களைக் கொட்டினால் அந்தக் காலி இடம் நிரம்பிவிடும், ஆட்டமும் போய்விடும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரால்தான் பாடகர் இடத்தில் நிற்க முடியும்.

எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

1960-களில் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் தப்பு செய்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல டிராக் கருவிகள் வந்த பிறகு ரிடிமை முதலில் பதிவு செய்து, அதன்மேல் சாக்ஸபோனைத் தனியாகச் சேர்க்க முடிந்தது. சாக்ஸபோனின் ஒலி வாய்ப்பகுதியில் மட்டுமல்ல, உடலில் உள்ள துளைகளிலிருந்தும் வரும். அதனால் மைக்கை வாய்க்குள் திணிக்காமல், சற்றுத் தள்ளிப் பொதுவாக வைப்பது வழக்கம்.

காசு யாருக்கு?

இந்த வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருமுறை பதிவான ரிடிமை வேறு வேறு பாடகர்களுக்கு மறுபடியும் பயன்படுத்தலாம். டேப் தயாரிப்பாளர் கையில் இருந்தது. வாசித்தவருக்குப் பெரும்பாலும் அன்றைய சம்பளம் மட்டுமே. ராயல்டி கிடையாது, பல நேரம் தட்டில் பெயர்கூட இருக்காது. ஜமைக்கா தனக்கென நவீன பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்ததே 1993-ல்தான்.

அதனால்தான் வாத்தியக் கலைஞர் தன் பெயரில் வெளியிடும் ஆல்பத்துக்கு மதிப்பு அதிகம். கிடார் கலைஞர் எர்னஸ்ட் ராங்லின் 1996-ல் வெளியிட்ட 'பிலோ தி பேஸ்லைன்' நல்ல உதாரணம். பழைய ரெகே மெட்டுகளை ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்த ஆல்பம் இது. பியானோவில் மான்டி அலெக்சாண்டர், டிரம்ஸில் அமெரிக்காவின் இட்ரிஸ் முகமது, சாக்ஸபோனில் ஸ்கடலைட்ஸ் காலத்து ரோலண்ட் அல்ஃபோன்சோ. இரண்டு ஆண்டுகளில், 1998-ல், அல்ஃபோன்சோ காலமானார்.

கேட்க நினைப்பவர்கள் இந்த ஆல்பத்திலிருந்தே தொடங்கலாம். ஹெட்போன் இருந்தால் நல்லது. போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது. அது கேட்காவிட்டால் ரெகேயில் பாதி போச்சு!